அயர்லாந்தரும் கடல் கேளாத கிணறும்

"…அந்தக் கோட்டையிலை இப்ப ஒரு சுவர்தான் நிக்குது, ராணி. அதைத் தாண்டினால் கூரையில்லாத தேவாலயம். அதுக்கு மேற்காலை ஒரு புனிதக் கிணறு. இதிலை ஒண்டு பிழைச்சாலும் நான் இனிமேல் அயர்லாந்து எண்டு வாய் திறக்க மாட்டன்!"

"திறக்க மாட்டீரோ?" வான் வண்டியின் முன் சீற்றிலிருந்து எங்கள் சங்கச் செயலாளர் கழுத்தைத் திருப்பினார். "எல்லாரும் கேட்டியள்தானே? சாட்சி பதினாலு பேர்."

அயர்லாந்தை நேசித்தவர்கள் உலகத்தில் ஆயிரம் பேர் இருக்கலாம். ஆனால் அங்கே ஒருநாளும் கால் வைக்காமல், அதன் மேற்குக் கரையில் நாலைந்து மைல் நீளத்தைக் கல் கல்லாக மனப்பாடம் செய்து வைத்திருந்த மனிதர், இப்படிச் சத்தியம் செய்த இவர் ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் வங்கிக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரியும். மற்றப்படி எங்களுக்கு அவர் அயர்லாந்தர்.

முந்தி லண்டனில் பார்சல் பிரிக்கும் டிப்போவில் அவருக்கு வேலை. பக்கத்து மேசையில் டெக்லன் என்ற ஐரிஷ்காரர். பதினொரு வருடங்கள் ஒரே ஷிப்ட், ஒரே தேநீர் இடைவேளை. டெக்லனுக்குத் தன்னுடைய ஊரைத் தவிர வேறு கதை கிடையாது. கிழிந்த அட்டைப் பெட்டியின் பின்புறத்தில் கோட்டையும் குன்றும் படகுத்துறையும் கீறிக் காட்டுவார். யாரையும் இரண்டு வசனம் பேசவிடாத அயர்லாந்தர், டெக்லன் பேசும்போது மட்டும் வாயை மூடிக் கேட்டார். கேட்டதையெல்லாம் பிறகு எங்களிடம் இறக்கினார்.

கல்யாண மண்டபத்தில் வெளியே மழை என்று யாராவது சொன்னால் போதும். "இதுவும் ஒரு மழையே? அங்கை மழை பக்கத்தாலை வரும். குடை பிடிக்கிறவன் வெளியூரான்." செத்தவீட்டில் அழுதுகொண்டிருப்பவரின் காதில், "அங்கை கல்லறை எல்லாம் கடலைப் பாத்தபடி. செத்தவைக்கும் ஒரு வியூ வேணும், பாருங்கோ" என்பார். லண்டனுக்குப் புதிதாய் வந்து டிராம் தரிப்பிடத்துக்கு வழி கேட்ட ஒரு பெண்ணுக்கு, டெக்லனின் ஊரில் நட்டுவைத்த கல் ஒன்றிலிருந்து படகுத்துறைக்குப் போகும் வழியை விளக்கி அனுப்பியிருக்கிறார். அந்த ஊரில் அவருக்குத் தெரியாத வேலி கிடையாது. லண்டனில், எங்கள் கோலியர்ஸ் வுட்டில் இரண்டுதரம் வழி தவறியிருக்கிறார்.

எங்கள் முதியோர் சங்கத்தின் செயலாளருக்கு வரும் தலையிடியில் பாதி இவரால். ஆகவே கோடைச் சுற்றுலாவுக்கு அயர்லாந்து என்று முடிவெடுத்தவரே செயலாளர்தான். "போய்ப் பாத்தால் இவரின்ரை வாய் அடங்கும்" என்று என்னிடம் இரகசியமாகச் சொன்னார். டெக்லனையும் கூப்பிட்டோம். ஓய்வுபெற்று லண்டனிலேயே ஸ்ட்ரெதமில் தனியே இருக்கிறார். இரண்டு முழங்காலும் போய்விட்டன. "எனக்கும் சேத்துப் பாத்துக்கொண்டு வா" என்று சொல்லிவிட்டாராம்.

கப்பலில் கடலைக் கடந்து, ஒரு முழுநாள் ஓடி, அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்த காலையில் ஊரைக் காணவில்லை. பனிமூட்டம். வான் ஓட்டிய ராணியக்கா, லண்டனில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், போனைப் பார்த்துவிட்டு, "அண்ணை, மேப்பிலை வெறும் பச்சைதான் இருக்கு" என்றார்.

"வலப்பக்கம் திருப்பு."

"திருப்ப வீதி இல்லை அண்ணை."

"இருக்கு. முந்தி பால் வண்டி போன பாதை."

இருந்தது. ராணியக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு வானை உள்ளே விட்டார். இரண்டு பக்கமும் முட்செடி கண்ணாடியைச் சுரண்டியது. கொஞ்சத் தூரத்தில், பனிக்குள்ளிருந்து கொடி படர்ந்த ஒற்றைச் சுவர் ஒன்று எழும்பி வந்தது. வானுக்குள் ஒரே கைதட்டல்.

"சுவர் எண்டால் எங்கையும் இருக்கும்" என்றார் செயலாளர்.

அடுத்து கூரையில்லாத தேவாலயம்.

"கூரை போன கட்டடம் லண்டனிலை குரொய்டனிலும் இருக்கு. கிணத்தைக் காட்டும்."

கிணற்றுக்கு டெக்லன் சொல்லிக்கொடுத்த வழி இதுதான்: தேவாலயத்துக்கு மேற்கே நட, கடல் சத்தம் எந்த இடத்தில் நிற்கிறதோ, அங்கே நீயும் நில். வானை விட்டு இறங்கினோம். கண்ணுக்கு எதிரே புல்லும் பனியும் மட்டும். கடல் மட்டும் எங்கோ இரைந்துகொண்டிருந்தது. அதற்கு மேலால் எங்கள் சத்தம். ஒருவர் மகளுக்குப் போன் எடுத்தார். ஒருவர் சாப்பிடக் கொண்டுவந்த ரோல்ஸ் பெட்டி எங்கே என்றார். இன்னொருவர் இங்கே டாய்லட் உண்டா என்று மூன்றாம் முறையாகக் கேட்டார்.

அயர்லாந்தர் சடாரென்று திரும்பினார். "எல்லாரும் வாயை மூடுங்கோ!"

சொன்னது யார்? அவர்! அந்த அதிர்ச்சியிலேயே வாய்கள் மூடிக்கொண்டன. இரங்கல் கூட்டத்தில்கூட எங்கள் சங்கத்துக்குக் கிடைக்காத மௌனம் அது.

கண்ணை மூடிக்கொண்டு நடந்தார். பின்னால் நாங்கள் வரிசையாக. ஐம்பது அடி, கடல் இரைந்தது. நூறு அடி, இன்னும் இரைந்தது. அவருடைய காது மடல் சிவந்துவிட்டது. நடை தளர்ந்தது. இந்த மனிதரிடமிருந்து அயர்லாந்தைப் பிடுங்கிவிட்டால் பிறகு எவரோடு எதைப் பேசுவார்?

செயலாளர் வரிசையை விட்டு முன்னால் போய், எங்களைப் பார்த்து நின்று, தீர்ப்புச் சொல்லத் தொண்டையைச் செருமினார். வசதிக்காக ஓரடி பின்வைத்தார். காணாமல் போனார்.

கீழேயிருந்து சத்தம் வந்தது. "ஐயோ! தண்ணி!" கொஞ்சம் பொறுத்து, வேறொரு குரலில்: "ஐசே… இங்கை கடல் கேக்கேல்லை."

சரிவில் இறங்கினோம். கல் வளையம் கட்டிய சின்னக் கிணறு. அருகில் ஒரு முள்மரம், கிளையெல்லாம் நேர்த்திக்குக் கட்டிய துணித் துண்டுகள். பதினாலு சோடிச் சப்பாத்தும் தானாகக் கழன்றன. வெறுங்காலோடு, கிணறு வலக்கைப் பக்கம் இருக்க, சுற்றத் தொடங்கினோம். ஐந்து பேர் சிலுவை அடையாளம் போட்டார்கள். மற்றவர்களுக்கு ராணியக்கா கைப்பையிலிருந்து திருநீறு கொடுத்தார். செயலாளர் முழங்காலளவு ஈரத்தோடு முதல் ஆளாகச் சுற்றினார்.

நாயோடு வந்த ஒரு ஊர்ப் பெண் மேலே திகைத்து நின்றார். "இந்தப் பக்கமாகத்தான் சுற்றவேண்டும் என்று யார் சொன்னது? எங்கள் பிள்ளைகளே மாறிச் சுற்றுகிறார்கள்!"

"சுற்றுவதற்கு எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை, மேடம்" என்றார் செயலாளர், தன் மிகச்சிறந்த ஆங்கிலத்தில்.

"அப்படியென்றால், கிணறு இங்கே இருக்கிறதென்று யார் சொன்னது?" என்றார் அந்தப் பெண்.

அயர்லாந்தர் டெக்லனின் முழுப் பெயரைச் சொன்னார். அந்தப் பெண் சறுக்கிக்கொண்டே இறங்கி வந்து அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்தார். "மேட்டு வீட்டு டெக்லனா? உயிரோடு இருக்கிறாரா?"

செயலாளர் காற்சட்டையைப் பிழிந்துவிட்டு நிமிர்ந்தார். "சரி ஐசே, நீர் வெண்டிட்டீர். இனி சாகும்வரைக்கும் அயர்லாந்து கதைக்கலாம். இந்தா, இப்பவே தொடங்கும். நாங்கள் இருந்து கேக்கிறம்."

உண்மையாகவே இருந்தோம், ஈரக் கல்லில், ரோல்ஸ் பெட்டியைத் திறக்காமல்.

அயர்லாந்தர் எங்களைப் பார்த்தார். சரிவில் தனியே ஏறி, கடல் திரும்பக் கேட்கும் இடம் வரை போனார். போனை எடுத்து ஸ்ட்ரெதமுக்கு அழைத்து, "டெக்லன், கேள்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கையைக் கடல் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றார். நாங்கள் கூப்பிட்டால்தான் வருவார்போல நின்றார். ஒருவரும் கூப்பிடவில்லை.