எதுக்கும் அண்ணையும் இரண்டு தரம் பிறந்த பாட்டுக்காரனும்

சுவிஸ் ரயில் சரியான நேரத்துக்கு வருவதையே சந்தேகப்பட்ட ஒரே மனுசன் இந்த உலகத்தில் எங்கள் எதுக்கும் அண்ணைதான். “ஒரு நாளும் பிந்துறானில்லை. உள்ளுக்கு ஏதோ இருக்கு” என்பார், வில் என்ற ஊரின் ஸ்டேசனில் நின்று.

எண்பதுகளின் நடுப்பகுதி. அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்த யாழ்ப்பாணத்துப் பெடியன்களை வில்லில் ஒரு பழைய வீட்டில் போட்டிருந்தார்கள். அண்ணை எங்களுக்கு மூத்தவர். வாய் திறந்தால் “எதுக்கும் ஒருக்காப் பாப்பம்”தான். சொந்தப் பெயரைக் கேட்டால், “ஏன் கேக்கிறாய்?” தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தால் தன்னுடைய கோப்பையை நம் பக்கம் தள்ளிவிட்டு நம்முடையதை எடுத்துக் குடிப்பார்.

ஒருநாள் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு றெக்கோட் பிளேயர் வாங்கி வந்தார். கூடவே ஓசியாக ஒரு பிளேட். யாருக்கும் தெரியாத அமெரிக்கக் கறுப்பர் ஒருவர் அந்தக் காலத்தில் பாடிய புளூஸ் என்கிற சோகப் பாட்டு. ஊசி வைத்ததும் மீன் பொரிக்கிற சத்தம். அதற்குள்ளே கிற்றாரும் ஒரு அழுகைக் குரலும். அண்ணை ஸ்பீக்கரில் காதை ஒட்டினார்.

“தம்பி, ரெண்டு பேர் வாசிக்கினம். ஒராளை ஒளிச்சு வைச்சிருக்கிறாங்கள்.”

“ஒராள்தான் அண்ணை. கட்டைவிரல் தனிய ஓடுது.”

“எதுக்கும் பிளேட் வந்த அட்டையை வாசி.”

நான் யூனிவேர்சிற்றிக் கம்பஸ் பார்த்தவன். இங்கிலிஷ் எனக்குத் தண்ணி பட்ட பாடு. வாசித்தேன். ஆள் பருத்தித் தோட்டத்தில் வேலை. ஒரு வாடகை அறையில் சில பாட்டுப் பதிந்ததோடு காணாமல் போய்விட்டார். வெள்ளத்தில் போனார் என்று ஒரு கதை, பிரசங்கியார் ஆனார் என்று இன்னொரு கதை. பிறந்த வருடம் இரண்டு. பிறந்த ஊரும் இரண்டு.

என்னை வெளியே விட்டுவிட்டு, பக்கத்து அறை ரவியைக் கூப்பிட்டு அதே அட்டையை வாசிக்க வைத்தார். பிறகு எனக்கு விசாரணை.

“ரவி பாதிரியார் எண்டான். நீ பிரசங்கியார் எண்டனி. ஏன் மாத்திச் சொன்னனி?”

“ஐயோ அண்ணை!”

“அகதி விசாரணையிலை என்னையும் இப்பிடித்தானே கேட்டவங்கள். பிறந்த வருசம் ரெண்டு சொன்ன எனக்கு றிஜெக்ற். இவனுக்குப் பிளேட் போட்டுக் குடுத்திருக்கிறாங்களோ?”

விசயம் இதுதான். அண்ணையை வேளைக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அவருடைய ஐயா ஒரு வயது கூட்டிக் கொடுத்திருந்தார். எங்களில் பாதிப் பேருக்கு அப்படித்தான். நாங்கள் ஒரு வருடத்தைப் பாடமாக்கிக்கொண்டு வந்தோம். அண்ணையோ முதல் விசாரணையில் அம்மா சொன்ன வருடத்தைச் சொன்னார், அடுத்ததில் பள்ளிக்கூட வருடத்தை. பொய்யன் என்று தள்ளிவிட்டார்கள். அப்பீல் ஒன்றுதான் மிச்சம். அதுவும் சரிவராவிட்டால் நேரே பிளேன், சண்டை நடக்கிற ஊருக்கு.

அதற்குப் பிறகு தினமும் கதவைச் சாத்திக்கொண்டு பிளேட்டை விசாரித்தார். “வெள்ளமோ, பிரசங்கமோ? உண்மையைச் சொல்லு!” உள்ளே ஒருத்தன் அழுவான்.

“எங்களை விசாரிச்சுப் பொலிசுக்கு ஆள் பிடிச்சுக் குடுக்கிறார் போல” என்றான் ரவி. அண்ணை சமையல் குசினிக்குள் வந்தால் எல்லோரும் கதையை நிறுத்தினோம்.

அப்பீல் விசாரணைக்குப் பிளேட்டைப் பையில் போட்டுக்கொண்டே போனார். திரும்பி வந்ததும் பிடித்தேன்.

“என்னண்ணை சொன்னனீங்கள்?”

“இந்தப் பாட்டுக்காரருக்கு ரெண்டு வருசம், ரெண்டு ஊர். எண்டாலும் ஆள் இருந்தவர் எண்டு நம்புறியள். எனக்கு ஊராவது ஒண்டுதானே எண்டன்.”

“சிரிச்சாங்களோ?”

“இல்லை. விசாரிச்சவன் அட்டையை முழுக்க வாசிச்சான். பிறகு என்ரை ஐயாவைப் பற்றிக் கேட்டான். முந்தி ஒருத்தரும் கேக்கேல்லையடா.”

பனி கரையத் தொடங்கிய ஒரு மத்தியானம், எங்கள் வழக்குகளைப் பார்க்கிற சுவிஸ் அம்மா வீட்டுக்குப் போன் எடுத்தார். நான்தான் கதைத்தேன்.

“அண்ணை, கிடைச்சிட்டுது. இஞ்சையே இருக்கலாமாம்.”

அண்ணை என்னையே பார்த்தார். இதையும் அண்ணை தன்னைக் கொண்டு சரிபார்ப்பார், அடுத்த விசாரணை தனக்குத்தான் என்று ரவி போனுக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றான். நானும் அந்த “எதுக்கும்” வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நீ சொன்னாச் சரியடா தம்பி” என்றார். நான் ஊற்றி வைத்த தேத்தண்ணியை, கோப்பையை மாற்றாமலே எடுத்துக் குடித்தார்.