ஆள் வைத்துப் பழக்கிய பூட்ஸ்

சில காரியங்களைப் பிறரிடம் ஒப்படைக்கலாம், சிலவற்றை ஒப்படைக்கக் கூடாது. இந்த வித்தியாசம் எனக்கு இருபத்து மூன்று வயது வரை தெரிந்திருக்கவில்லை. ரங்கூனில் துணி வெளுக்க ஆள் இருந்தது, முடி வெட்ட ஆள் இருந்தது, மாடிக்குத் தண்ணீர் தூக்கவும் ஆள் இருந்தது. அந்த வழக்கத்தில், பூட்ஸ் போட்டு நடக்கவும் ஓர் ஆளை வைத்துக்கொண்டவன் நான். (சிரிக்க வேண்டாம். அன்றைக்கு அது மிகவும் புத்திசாலித்தனமான ஏற்பாடாகத்தான் தெரிந்தது.)

அப்போது நான் மொகல் தெருவில் ஒரு மூன்றாவது மாடி மெஸ்ஸில் இருந்தேன். தமிழ்ப் பிரம்மச்சாரிகள் எட்டுப் பேர். எங்களுக்குச் சமைத்துப் போட்டவர் வீரமுத்து. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், கறுத்துக் குட்டையான, உறுதியான மனிதர். எனக்கு அரிசி மில்லில் இருந்த தற்காலிக குமாஸ்தா வேலை மழைக்காலத்தோடு முடிந்துபோயிருந்தது. என் தாய்மாமா த்வாண்டேயில் துணிக்கடை வைத்திருந்தார். அவர் மகள் தெய்வானையை எனக்குக் கொடுப்பதாகப் பேச்சு. ஆனால் வேலை போனது தெரிந்ததும் மாமா தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"பொங்கலுக்குள்ள நிலையான வேலைன்னு ஒரு காகிதம் கொண்டாப்பா. இல்லேன்னா மாந்தலேயிலேருந்து ஒரு எடம் கேட்டு வந்திருக்கு. நான் அதைப் பாத்துக்கறேன்."

மாந்தலே வரனுக்கு ரயில்வேயில் உத்தியோகம் என்று கேள்வி. அன்றிலிருந்து ரயில் ஊதினாலே நான் காதைப் பொத்திக்கொள்வேன்.

இந்த நிலையில்தான் வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றில் ஆள் எடுப்பதாகத் தெரிந்தது. கலோவுக்கு அப்பால் ஷான் மலையில் முகாம் போட்டு, பைன் மரங்களை அளந்துகொண்டிருந்தார்கள். முகாமுக்குச் சாமான் சுமக்கும் கோவேறு கழுதைகளோடு கூடவே நடந்து, மூட்டைகளை எண்ணி ஒப்படைக்க ஒருவர் தேவை. ஸ்ட்ராண்ட் ரோடு ஆபீஸில் துரையைப் போய்ப் பார்த்தேன். என் மெட்ரிகுலேஷன் சர்டிபிகேட்டை அவர் ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. செருப்பணிந்த என் கால்களைத்தான் வெகு நேரம் பார்த்தார்.

"குளிர்காலத்தில் அங்கே வாளித் தண்ணீர்மேல் ஐஸ் படியும்," என்றார். (அவர் பேசிய இங்கிலீஷைத் தமிழில் தருகிறேன், மரியாதைக் குறைவு அவருடையது.) "போன வருஷம் இரண்டு குமாஸ்தாக்களை அனுப்பினேன். பத்தாம் நாள் இருவரும் கால் புண்ணோடு மாட்டுவண்டியில் திரும்பி வந்தார்கள். இனிமேல் பூட்ஸைப் பார்க்காமல் யாரையும் அனுப்பமாட்டேன். நல்லதாக ஒன்று வாங்கு. ஒரு மாதம் போட்டு நடந்து பழக்கு. பிறகு வா."

கூடவே ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். அவருடைய அப்பா ஸ்காட்லாந்தில் பூட்ஸ் தைத்தவராம். இது ஆபீஸ் ஹெட் கிளார்க் பிறகு சொன்ன தகவல். பூட்ஸ் வாங்கச் சாயங்காலம்தான் போக வேண்டும், அப்போதுதான் கால் வீங்கித் தன் நிஜ அளவுக்கு வரும்; கனத்த கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு அளவு பார்; விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் விடு; பளபளப்பைப் பார்க்காதே, தையலைப் பார்; நனைந்தால் நெருப்பருகே வைக்காதே, உள்ளே காகிதம் திணித்து நிழலில் உலர்த்து; வாரம் ஒருமுறை மாட்டுக் கொழுப்பை உருக்கித் தையலில் தேய். இவ்வளவும் அந்தச் சீட்டில் இருந்தது. அதை நான் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டேன். பத்திரமாக வைத்ததோடு சரி.

மறுநாள் காலையிலேயே, காலுறை இல்லாமல், சீனர் கடைக்குப் போனேன். என் பாதம் வாழைமட்டை மாதிரி ஒடுங்கி நீண்டது. கடைக்காரர் அதற்கேற்ற ஒரு ஜோடியை எடுத்துக் கொடுத்தார். கண்ணாடியில் பார்த்தேன், இரண்டு சம்பான் படகுகளில் ஏறி நிற்பதுபோல் இருந்தது. பக்கத்தில் இன்னொரு ஜோடி, குட்டையாக, அகலமாக, முகம் பார்க்கலாம் போன்ற மினுமினுப்போடு உட்கார்ந்திருந்தது. அதைக் கேட்டேன். கடைக்காரர் என் காலையும் அதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஞநே லா பா" என்றார். சாயங்காலம் வாருங்கள் என்று பர்மியத்தில் அர்த்தம். துரையின் சீட்டும் அதைத்தான் சொன்னது. ஒரு ஸ்காட்லாந்துக்காரரும் ஒரு சீனரும் ஒரே விஷயத்தை எனக்குச் சொல்லியும், நான் கேட்கவில்லை. தோல்தானே, போகப் போக நீண்டுகொடுக்கும் என்று வாங்கி வந்துவிட்டேன்.

அதைப் போட்டுக்கொண்டு சூலே பகோடா வரை போனேன். திரும்பியது ரிக்‌ஷாவில். இரண்டு குதிகாலிலும் நெல்லிக்காய் அளவு கொப்புளம். தோலை மிருதுவாக்கலாம் என்று நல்லெண்ணெய் தடவி வைத்ததில், விடிந்தபோது பூட்ஸ் முழுக்க எறும்பு.

அந்தச் சமயத்தில் எனக்கு உபதேசம் செய்தவன் சபாபதி. தந்தி ஆபீஸில் வேலை, என் வயதுதான், பக்கத்துப் பாய்க்காரன்.

"ஏம்ப்பா, பூட்ஸ் பழகணும்னுதானே தொரை சொன்னாரு? உன் கால்லதான் பழகணும்னு சொன்னாரா?"

சீட்டை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான், அப்படி எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டியிருக்கும் என்று அந்த மனிதருக்குத் தோன்றியிருக்காது.

உடனே மெஸ்ஸில் ஒரு முறை வகுத்தோம். ஆளுக்கு இரண்டு நாள். மற்ற ஏழு பேரும் முறைவைத்துப் போட்டால் பூட்ஸ் பஞ்சாகிவிடும், எனக்கும் கால் பிழைக்கும். முதலில் போட்ட சபாபதி மதியமே அதைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தான். அடுத்தவர் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான்காவது ஆளோடு ஏற்பாடு கவிழ்ந்தது. கடைசியில் எல்லார் பார்வையும் சமையலறைப் பக்கம் திரும்பியது.

"எனக்கெதுக்கு தம்பி இந்தச் சனியன்?" என்றார் வீரமுத்து.

"தினம் போட்டாதாங் துறைக்கு மீன் வாங்கப் போறீங்களே அண்ணே, சும்மா போட்டுக்கிட்டுப் போங்க. எனக்காக."

முணுமுணுத்துக்கொண்டே காலை நுழைத்தார். கால் கச்சிதமாக உள்ளே போனது, கதவு சாத்தின மாதிரி. எழுந்து நின்றார், இரண்டடி வைத்தார், கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். அன்றிலிருந்து மூன்று வாரம் அந்தப் பூட்ஸ் தினமும் மொகல் தெருவிலிருந்து போட்டாதாங் போய்த் திரும்பியது. சீட்டில் இருந்ததை நான் தமிழில் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றுவிடாமல் செய்தார். காகிதம் திணித்தார், நிழலில் உலர்த்தினார். மாட்டுக் கொழுப்பு மெஸ் வாசலைத் தாண்டக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்ததால், கீழே தெருவோரம் குந்தி உட்கார்ந்து தேய்த்தார். அது எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒருநாள் அவர் அதைத் துடைத்துக்கொண்டே பூட்ஸோடு ஏதோ பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஆனால் நான் வேறு முக்கியமான வேலையில் இருந்தேன். மாமாவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். மாமாவுக்குக் கண்ணாடி போட்டும் எழுத்து சரியாகத் தெரியாது. தெய்வானைதான் படித்துக் காட்டுவாள் என்று எனக்குத் தெரியும். ஆகவே கொஞ்சம் தாராளமாகவே எழுதினேன். 'இன்றைக்கும் போட்டாதாங் வரை நடந்தேன். பனியும் பாறையும் என்னை என்ன செய்துவிடும்? ஆற்றுக் காற்று முகத்தில் அடிக்க, பூட்ஸின் ஒலி கேட்டுத் துறைமுகமே திரும்பிப் பார்க்கிறது.' பாயில் படுத்துக்கொண்டு எழுதியதுதான் எல்லாம்.

மாதம் முடிந்தது. கோட்டு மாட்டி, கம்பளிக் காலுறை போட்டு, பூட்ஸுக்குள் காலை விட்டேன். தோல் வெண்ணெயாக இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அது வீரமுத்துவின் காலுக்கு வெண்ணெய். என் விரல்கள் முன்னால் போய் முட்டி மடங்கின. பக்கவாட்டிலோ ஓர் எலி குடித்தனம் செய்யும் அளவுக்கு இடம் இருந்தது. ரிக்‌ஷாவில் ஆபீஸ் வாசல் வரை போய், அங்கிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு துரை முன்னால் நின்றேன்.

துரை பூட்ஸைப் பார்த்தார். அவர் முகத்தில் அதுவரை நான் காணாத ஒரு மலர்ச்சி.

"அபாரம். இந்த ஊரில் இப்படிப் பராமரித்த தோலை நான் பார்த்ததில்லை. எங்கே, அந்தச் சுவர் வரை நட."

நடந்தேன். மலர்ச்சி போய்விட்டது. உட்காரச் சொன்னார். பூட்ஸைக் கழற்றி வாங்கி, கவிழ்த்து வைத்துக்கொண்டு, ஜாதகம் பார்ப்பவர் மாதிரி அடிப்பாகத்தைத் தடவ ஆரம்பித்தார்.

"இதைப் போட்டு நடந்தவன் பாதம் முழுவதையும் தரையில் வைக்கிறவன். வலது கையில் கனமாக எதையோ தூக்கிப் போகிறவன், வலது குதி தேய்ந்திருக்கிறது. அடிக்கடி குந்தி உட்காருகிறவன், விரல் மடியும் இடத்தில் ஆழமான சுருக்கம். நீயா?"

"நான்தான் ஐயா."

"வலது கையில் எதைத் தூக்குகிறாய்?"

"பைல், ஐயா."

"குந்துவது எதற்கு?"

"பைல் பார்க்க."

துரை பூட்ஸின் தையல் இடுக்கில் நகத்தை விட்டு எதையோ நெம்பி எடுத்தார். விரல் நுனியில் வைத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். மீன் செதில்.

"பைலுக்குள் மீன் வைத்திருக்கிறாயா?"

ஹெட் கிளார்க் இருமுவதுபோல் முகத்தை மூடிக்கொண்டார். அந்த இடத்திலேயே தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல் எனக்கு இருந்தது. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்: சபாபதி, முறை, சமையலறை, கொழுப்பு எல்லாம். துரை கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"போய் அந்த ஆளைக் கூட்டி வா. பூட்ஸ் இங்கேயே இருக்கட்டும்."

உச்சி வெயிலில், கோட்டும் டையும் கம்பளிக் காலுறையுமாக ஸ்ட்ராண்ட் ரோட்டிலிருந்து மொகல் தெரு வரை வந்தேன். (ரிக்‌ஷா பிடித்திருக்கலாமே என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். தோன்றவில்லை.) மொகிங்கா என்னும் மீன்குழம்புச் சேமியா விற்ற பர்மியப் பெண் ஒருத்தி அகப்பையைக் கையில் பிடித்தபடியே என் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த மாதத்தில் நான் என் காலால் நடந்த நீண்ட நடை அதுதான்.

"குழம்பு அடுப்புல இருக்கு தம்பி," என்றார் வீரமுத்து.

"எறக்கி வச்சிட்டு வாங்கண்ணே. தொரை கூப்பிடுறாரு."

"நான் எதையும் கெடுத்துப்புட்டனா?"

"நீங்க ஒண்ணும் கெடுக்கலை," என்றேன்.

மடித்துக் கட்டிய லுங்கியோடு வந்த வீரமுத்து, துரை நீட்டிய பூட்ஸை வாங்கி, உள்ளே ஊதிவிட்டுப் போட்டுக்கொண்டார். அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார். அந்தப் பூட்ஸ் யாருடையது என்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கே தெரிந்துவிட்டது. இருவரும் கடைத்தெருப் பர்மியத்தில் பேசிக்கொண்டார்கள். மூட்டை எண்ணத் தெரியுமா? தெரியும். குளிர் தாங்குவாயா? போர்வை கொடுத்தால் தாங்குவேன். சமைப்பாயா? அதுதானே தொழில். துரை என் பக்கம் திரும்பினார்.

"எழுத மலையில் ஏற்கெனவே ஒருவன் இருக்கிறான். நடக்கத்தான் ஆள் இல்லாமல் இருந்தது."

படி இறங்கும்போது வீரமுத்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீங்க ஆசைப்பட்டு வாங்கினது. வேலையும் உங்களுது. நான் போகலைன்னு சொல்லிடட்டுமா?" அவர் நிஜமாகவே கேட்டார். சொல்லுங்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது. நான் அவ்வளவு உத்தமன் இல்லை. ஆனால் அவர் காலைப் பார்த்தேன், மனசு வரவில்லை. "போயிட்டு வாங்கண்ணே, எனக்கு அது கடிக்குது," என்றேன்.

இந்தச் செய்தி சபாபதி மூலமாக ஊர் சுற்றி வருவதற்கு முன்னால் நானே போய்ச் சொல்லிவிடுவது என்று மறுநாள் த்வாண்டேக்கு லாஞ்ச் ஏறினேன். கூடத்தில் மாமா, எதிரே நான். உள் அறைக் கதவு பாதி சாத்தியிருந்தது. நடந்ததை முழுவதும் சொன்னேன். மாமா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"அப்ப நீ நடந்ததா எழுதினதெல்லாம்?"

"வீரமுத்தண்ணன் நடந்தது, மாமா."

"ஏன்டா, நாளைக்குக் குடும்பம் நடத்தவும் ஆள் வைப்பியோ?"

மாந்தலே ரயில் புறப்பட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அழுகை வரும் போலிருந்தது. அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து, அதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசியறியாத குரல் கேட்டது.

"அப்பா, அந்தக் கடுதாசியாவது இவரு எழுதினதா, அதுவும் ஆள் வச்சா?"

"நானே எழுதினது!" என்று எழுந்தே நின்றுவிட்டேன்.

"தொறைமுகமே திரும்பிப் பாக்குதுன்னு?"

"அதுவும் நான்தான்."

கதவு இன்னும் ஒரு விரற்கடை திறந்தது. பிறகு, "இம்புட்டுப் பொய்யை இவ்வளவு நல்லா எழுதுறவருக்கு எழுத்து வேலை ஒண்ணு கிடைக்காதாப்பா? பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்குல்ல?" என்றாள்.

மாமா சிரித்துவிட்டார். பொங்கலுக்கு நான்கு நாள் முன்னதாக, போட்டாதாங்கில் ஒரு கிடங்கில் கடிதங்கள் எழுதும் வேலை எனக்குக் கிடைத்தது. தினமும் நடந்துதான் போனேன், செருப்பில். வைகாசியில் கல்யாணம் நடந்தது.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் நான் எதைச் செய்தாலும் அந்தக் கேள்விதான். மார்க்கெட்டுக்குப் போய் வந்தால், "நீங்களா, ஆள் வச்சா?" கோயிலைச் சுற்றி வந்தால், "நீங்களா, ஆள் வச்சா?" பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள், மருமகள்கள் வந்த மாதமே கற்றுக்கொண்டார்கள். போன மழையில் காய்ச்சலில் படுத்து முனகியபோதுகூட, நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டே தெய்வானை, "முனகுறது நீங்கதானா?" என்று கேட்டாள். நாலு நாளில் நான் சிரித்தது அப்போதுதான்.

இதை எழுதி முடித்ததும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டுவிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டாள். நானே எழுதியது என்று சத்தியம் செய்தேன். நம்பியதாகத் தெரியவில்லை.