கழுத்தில் சேவல் உண்டா?

முத்திரை பார்ப்போர் என்றொரு இனம் உண்டு. ஒஸ்லோவில் அவர்களைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. விருந்துக்கு வந்தால் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்கமாட்டார்கள், வைன் போத்தலின் கழுத்தைத்தான் பார்ப்பார்கள். பிறகு அதைத் தூக்கி, திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, ஒட்டியிருக்கும் தாளை ஓரம்வரை வாசித்து, "ம்ம்" என்பார்கள். அந்த "ம்ம்" ஒரு தீர்ப்பு. குடிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நம்முடைய சிவானந்தனை எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தின் முதல் பட்டதாரி. போன இலையுதிர்காலத்தில் இத்தாலியில் ஐந்து நாள் பஸ் பயணம் போய், புளோரன்சுக்கும் சியன்னாவுக்கும் நடுவிலுள்ள குன்றுகளில் ஏறி இறங்கி, அந்தக் குன்றுகளின் எல்லைக்குள் விளைந்த வைனுக்கு மட்டுமே கியாந்தி கிளாசிக்கோ என்று பெயர் போடலாம், அதற்கு அடையாளம் போத்தல் கழுத்தில் இருக்கும் கறுப்புச் சேவல் முத்திரை என்று கேட்டு மெய்சிலிர்த்துத் திரும்பியவன். அன்றிலிருந்து கோழிக்கறியைக்கூட ஒரு மரியாதையோடுதான் சாப்பிடுகிறான்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, ஒஸ்லோவின் ஓரத்தில், ரொம்சோசில் அம்மா வீட்டில், அவனுக்கு வைனைவிடப் பெரிய காரியம் இருந்தது. றொஷானியைக் கட்ட அம்மாவின் சம்மதம் வேண்டும். அம்மா புஷ்பமலருக்கு, பெண் சேர்ச்சுக்குப் போகும் வேதக்காரி என்பதுகூடப் பரவாயில்லை. ஊர்தான் தொண்டையில் நின்றது.

"தீவாம். சரி, தீவிலை எந்தப் பக்கம்?" என்று மூன்று மாதமாகக் கேட்கிறார்.

"ஆளைப் பாருங்கோ அம்மா. ஊரைக் கேட்டு ஆளை அளக்கிறது காட்டுமிராண்டித்தனம்" என்று மூன்று மாதமாக இவன் சண்டை பிடிக்கிறான்.

கடைசியில், "ஒருக்கால் கூட்டிக்கொண்டு வா, பாப்பம்" என்றார்.

றொஷானி வெறுங்கையோடு வரவில்லை. இவனுக்குப் பிடிக்குமே என்று ஒரு கியாந்தி வாங்கிவந்து மேசையில் வைத்தாள். சிவானந்தன் அதைக் கையில் எடுத்தான்; கண் நேரே கழுத்துக்குப் போனது.

"சேவல் இல்லை."

"கியாந்தி எண்டு போட்டிருக்கே."

"போட்டிருக்கும். ஆனா இது குன்றுப் பக்கத்து ஆள் இல்லை. எல்லைக்கு அங்காலை. பெயரை வைச்சு உள்ளுக்கை வரப் பாக்கினம். மண் வேறை, வளர்ப்பு வேறை."

"குடிச்சுப் பாத்தீங்களோ?"

"பாக்கத் தேவையில்லை."

வடைத் தட்டோடு வந்த புஷ்பமலர் அப்படியே நின்றார். மூன்று மாதமாகத் தொலைந்துபோயிருந்த பிள்ளை திரும்பி வந்துவிட்டானே!

"தம்பி, அந்த எல்லை எதிலை?" என்றார், ஆசையாக. "றோட்டுக்கு இஞ்சாலையோ, அங்காலையோ?"

"சில இடத்திலை றோட்டுதான் அம்மா எல்லை. இஞ்சாலை பிறந்தால் சேவல். அங்காலை பிறந்தால்..."

றொஷானி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்கோ. அங்காலை பிறந்தால்?"

அவன் போத்தலைக் கீழே வைத்தான். புஷ்பமலர் அவளுடைய முகத்தைப் பார்த்தார், மகனுடைய முகத்தைப் பார்த்தார், பிறகு வடைத் தட்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"இது நான் கதைக்கிற கதையெல்லோடா!" என்றவர் றொஷானியிடம் திரும்பினார். "இவன்தான் பிள்ளை, என்னைக் காட்டுமிராண்டி எண்டவன். இவனைக் கட்ட யோசிச்சுத்தான் முடிவெடுத்தனியோ?"

"இப்பதான் யோசிக்கிறன் மாமி."

"நல்லா யோசி. நான் ஓம் எண்டிட்டன், இனி உன்ரை பாடு." மூன்று கிளாஸ்களை எடுத்து வைத்தார். "திறவடா. எனக்கும் ஒரு சொட்டு. எந்தப் பக்கமெண்டு ஒருத்தரும் கேக்கப்படாது."

வைன் நன்றாகவே இருந்தது. அதை வாயால் ஒப்புக்கொள்ளத்தான் சிவானந்தனுக்கு அரை மணித்தியாலம் பிடித்தது.

இந்த இனத்தவரைக் கண்டால் தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் கொஞ்சம் அடக்கமாக. றொஷானி எந்தத் தீவு, புஷ்பமலர் எந்த ஊர் என்று இங்கே கடைசிவரை சொல்லவில்லை. எத்தனையாவது வரியில் உங்களுக்கு அது அரிக்கத் தொடங்கியது?