கொடைரோடு ராமர் பேசுகிறேன்

மைதீன் பிச்சை அன்று காலை ஒரு முடிவோடுதான் செருப்பை மாட்டினார். இன்றோடு அந்த ரேடியோவுக்கு ஒரு முடிவு கட்டிவிட வேண்டும்.

பின்னே என்ன? திண்டுக்கல்லில் சமுதாய வானொலி வந்த நாளிலிருந்து அவர் மனைவி நர்கீஸ் அவர் கைக்கு எட்டவில்லை. காலை ஆறு மணிக்குக் காய்கறி விலை. ஏழுக்கு ஆட்டுக்கு வரும் கழிச்சல் நோய். அந்த வீட்டில் ஆடு பிரியாணிச் சட்டியில்தான் உண்டு. எட்டுக்குக் கர்ப்பிணிகளுக்கு யோசனை. நர்கீஸுக்கு வயது ஐம்பத்திரண்டு. அப்புறம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாடகம், கிணறு தூர்வாருவது எப்படி, பாட்டு. சாயங்காலம் தோல் மண்டியில் நடந்ததைச் சொல்ல அவர் வாயெடுத்தால், "செத்த நேரம் பேசாம இருங்க" என்பாள். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு பேச்சுத்துணைக்கு அவருக்கு அவள் ஒருத்திதான். மனசு வலித்தது.

பதினோரு மணிக்கு நேயர்கள் போனில் பேசும் நிகழ்ச்சி. வேறு பேரில் பேசி, வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கும் நர்கீஸுக்கு உறைக்கிற மாதிரி நாலு வார்த்தை சொல்வது என்பது திட்டம். மண்டியில் உட்கார்ந்து போனில் கர்சீப்பைச் சுற்றிக்கொண்டார்.

"வணக்கம்மா. கொடைரோட்டுலருந்து ராமர் பேசுறேன்."

அறிவிப்பாளர் ஷப்னம் வரவேற்றாள். ரேடியோவைக் கட்டிக்கொண்டு அழும் மனைவி, புருஷனை ஏறெடுத்தும் பார்க்காத மனைவி என்று அவர் கொட்டித் தீர்த்தார்.

"நம்ம விருந்தினர் ஒரு கேள்வி எழுதிக் காட்டுறாங்க ஐயா. காலைல உங்க வீட்டம்மா உங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

ஏதோ சொன்னாள். திட்டம் போடுகிற மும்முரத்தில் அவர் காதில் விழவில்லை.

"ஞாபகமில்லம்மா."

"நான் சொல்றேன் ராமரண்ணே," என்றது இன்னொரு குரல். "'இந்த வாரம் சிறந்த நேயர்னு என்னையக் கூப்பிட்டிருக்காங்க, பதினோரு மணிக்குப் பேசுவேன், மண்டில ரேடியோவப் போட்டுக் கேளுங்க'ன்னு மூணு தடவ சொன்னா. மூணு தடவையும் 'ம்'னீங்க."

விருந்தினர் நர்கீஸேதான். கர்சீப் கீழே விழுந்தது. நர்கீஸின் அம்மா மவுத்தான வருஷம் துக்கம் தாங்காமல் அவள் ராத்திரியெல்லாம் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கும் இதே 'ம்'தான். அதற்கப்புறம்தான் அவள் ரேடியோ வாங்கினாள். பாவி, இது இத்தனை நாள் தோன்றவே இல்லையே என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் மண்டியைச் சீக்கிரமே பூட்டினார். அரைக் கிலோ அல்வா வாங்கினார். தப்பு என்மேலதான் என்று எப்படி ஆரம்பிப்பது என்பதை வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

நர்கீஸ் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவர் வாயெடுத்தார்.

"செத்த நேரம் பேசாம இருங்க," என்று சத்தத்தைக் கூட்டினாள். "மறு ஒலிபரப்பு. நீங்க பேசுறதத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்."