குசினி அக்காவும் என் தட்டும்

கொழும்பில் மெனு கார்டைத் திறந்தே பார்க்காமல், போன கடையில் எல்லாம் மற்றவர்களைவிட நன்றாகச் சாப்பிட்டு எழும்பிய ஒரே மனுசி குசினி அக்காதான். இதைப் பாராட்டாக எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். முழுக்க முழுக்க வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் கூட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். பம்பலப்பிட்டியில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் நான், மைதிலி, பஸீலா மூவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அரைநாள் வேலை முடிந்ததும் ஒரு புதுக் கடையில் சாப்பிட்டுப் பார்ப்பது என்று திட்டம் போட்டவள் நான். கடையைத் தெரிவு செய்பவள் நான். பத்துக்கு எத்தனை புள்ளி என்று கொப்பியில் எழுதுபவள் நான். வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மினும் நானேதான். ஒருநாள் மைதிலி, "எங்கட ஃபிளாட்டில கீழ் வீட்டு அக்கா ஒராள் தனியாத்தான் இருக்கிறா. கூட்டிக்கொண்டு வரட்டோ?" என்று கேட்டாள். தாராளமாக வரட்டும் என்றேன்.

வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளவத்தையில் ஒரு ஃபார்மசியில் கேஷியர். காலி வீதியில் ஒரு சைனீஸ் கடைக்குப் போயிருந்தோம். நாங்கள் மூவரும் மெனுவைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் இருபது நிமிடம் படித்து ஓடர் கொடுத்தோம். வெயிற்றர் அக்காவின் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இண்டைக்கு மத்தியானம் நீங்கள் என்ன சாப்பிட்டனீங்கள்?"

"நாங்களா? நாங்க சும்மா சோறு, பருப்பு, கருவாட்டுப் பொரியல்தான் அக்கா."

"மிச்சம் இருக்கோ?"

"இருக்குது. ஆனா அது கஸ்டமருக்குக் குடுக்கிறதில்ல."

"நான் கஸ்டமர் இல்லை தம்பி. நான் இவையளோட வந்தனான்."

பத்து நிமிடத்தில் எங்களுக்கு எண்ணெயில் குளித்த ஃபிரைட் ரைஸ் வந்தது. அவருக்கு ஆவி பறக்கும் சோறு, செத்தல் மிளகாய் தாளித்த பருப்பு, மொறுமொறுவென்று வெங்காயம் போட்ட கருவாடு. அந்த வாசத்தில் பக்கத்து மேசைக்காரர்கூட எழும்பி எட்டிப் பார்த்தார். நான் கொப்பியை எடுத்துக் கடைக்கு ஏழு புள்ளி போட்டேன்.

"அக்காட தட்டுக்கு எத்தன?" என்று பஸீலா கேட்டாள்.

"மெனுவில இல்லாததுக்கு மார்க்ஸ் இல்லை" என்றேன். நீதிபதிபோலச் சொன்னேனே தவிர, கண் அந்தக் கருவாட்டில்தான் இருந்தது.

அடுத்த மாதம் கொட்டாஞ்சேனை. பஸீலாவின் ஊர், புரியாணிக் கடை. அங்கே போய் யாராவது வேறு எதையாவது சாப்பிடுவார்களா? அக்கா நேரே சட்டியடியில் நின்றவரிடம் போய், பஸீலா அண்ணன்மாரைக் கூப்பிடுவதுபோலவே கூப்பிட்டார்.

"நானா, நீங்கள் என்ன சாப்பிடுறனீங்கள்?"

அவர் சிரித்துவிட்டார். "புரியாணியப் பாத்துப் பாத்தே எங்களுக்கு வயிறு நெறஞ்சிரும். நாங்க சோறும் புளியாணமும் மாசிச் சம்பலும்தான்."

அவ்வளவுதான். அக்கா உள்ளே, சமைக்கிற இடத்துக்கே போய்விட்டார். குசினியில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, புளியாணத்தைச் சோற்றில் விட்டுப் பிசைந்து, அரை மணித்தியாலம் கழித்துத்தான் வெளியே வந்தார். குசினி அக்கா என்று பெயர் வைத்தது அன்றைக்குத்தான். வரும்போது முதலாளியின் மகளுக்குக் கலியாணம் என்ற செய்தியும் அவரோடு வந்தது. பின்னால் கலியாணக் கார்டும் வந்தது. அதில் "அக்காவும் கூட்டாளிமாரும்" என்று எழுதியிருந்தது. கூட்டாளிமார் நாங்கள்! அட்மின் நான்!

கார்டு வந்த அன்றிரவு எனக்கு ஒரே ஒரு ஆசைதான் வந்தது. ஒருநாள், ஒரே ஒருநாள், என் தட்டைப் பார்த்துக் குசினி அக்கா எச்சில் விழுங்க வேண்டும். அதைக் கண்ணால் கண்டுவிட்டால் போதும். பிறகு அவர் எங்கே போய் எதைச் சாப்பிட்டாலும் எனக்குக் கவலையில்லை.

முதலில் சட்டத்தால் அடக்கப் பார்த்தேன். இனி மெனுவில் உள்ளதை மட்டுமே ஓடர் பண்ணலாம் என்று குழுவில் போட்டேன். அடுத்த கடையில் அக்கா ஐஸ் கோப்பி ஒன்றை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, தண்டனை பெற்ற பிள்ளைபோல் இருந்தார். அந்த முகத்தைக் கடை தாங்கவில்லை. சமைக்கிற கோக்கியே வெளியில் வந்து குனிந்து, "அக்கே, உள்ளுக்குப் பிஞ்சுப் பலாக்காய்க் கறி இருக்கு, கொஞ்சம் கொண்டு வரவா?" என்று கேட்டார். சட்டம் அன்றோடு செத்துப்போனது.

பிறகு வித்தையைக் களவெடுக்கலாம் என்று முடிவு செய்தேன். ஒரு கிழமைநாளில் தனியாக ஒரு கடைக்குப் போனேன். ஒபீஸ் பை, கையில் கொப்பி, காதில் பேனை. வெயிற்றர் வந்ததும் குரலை இறக்கி, "நீங்கள் இண்டைக்கு என்ன சாப்பிட்டனீங்கள்?" என்றேன். மனிதர் முகம் வெளிறி உள்ளே ஓடினார். மனேஜர் சேர்ட்டைச் சரிபண்ணிக்கொண்டு ஓடி வந்தார்.

"மிஸ் சுகாதாரப் பகுதியா? நேத்துத்தான் ஃபிரிட்ஜ் எல்லாம் கழுவினது. வாங்க, வந்து பாருங்க."

இல்லையில்லை என்று சொல்லச் சொல்ல என்னைக் குசினிக்குள் கொண்டுபோய்விட்டார்கள். நான்கு கோக்கிமார் வரிசையில் நின்று நகத்தைக் காட்டினார்கள். நானும் வேறு வழியில்லாமல் ஒவ்வொருவரின் நகத்தையும் பார்த்துத் தலையாட்டினேன். கடைசியில் ஒரு பிளேன்டீ தந்து வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள்.

இவ்வளவும் பட்டபிறகுதான் அந்த ஈனப் புத்தி வந்தது. அக்காவை விட்டுவிட்டுப் போவது. "மைதிலிக்குக் காய்ச்சல், இந்த மாதம் இல்லை" என்று அவருக்கு மட்டும் செய்தி அனுப்பினேன். மைதிலி முணுமுணுத்தாள். இழுத்துக்கொண்டு போனேன்.

கல்கிசையில் கடல் தெரிகிற கடை. மைதிலியும் பஸீலாவும் இறால் டெவல் சொன்னார்கள். நான் மெனுவை மூடி வைத்தேன். நரைத்த தலையோடு ஒரு வெயிற்றர் வந்தார். இந்த முறை கொப்பி இல்லை, பேனை இல்லை.

"ஐயா, நீங்கள் சாப்பிட்டாச்சோ? என்ன சாப்பாடு?"

"நான் இங்கத்தச் சாப்பாடு சாப்பிடுறதில்ல மிஸ்" என்று மெதுவாகச் சொன்னார். "ஹெந்தளையிலயிருந்து வாறன். மனுசி கட்டித் தரும். சிவப்பரிசிச் சோறு, பலாக்கொட்டைக் கறி, நெத்தலிப் பொரியல், வல்லாரைச் சம்பல். இன்னைக்கு மகள் வீட்டில விசேஷம், அங்க போய்த்தான் சாப்பிடணும். வேணுமெண்டா எடுங்க மிஸ், இல்லாட்டி வீணாப் போயிரும்."

பார்சல் என் முன்னால் வந்தது. வாழையிலையைக் கொஞ்சம் விலக்கினேன். பலாக்கொட்டை வாசம் மூக்கில் ஏறியது. பஸீலா இறாலை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். மைதிலியும் பார்த்தாள். நான் வென்றுவிட்டேன். ஆனால் பார்க்க வேண்டியவர் அங்கே இல்லை. இல்லாமல் பண்ணியவளும் நான்தான். கையைப் பார்சலில் வைக்க மனம் வரவில்லை. இலையைத் திரும்ப மூடி, பார்சலைத் தூக்கிக்கொண்டு எழும்பினேன்.

"எங்கடி போறாய்?" என்று பஸீலா கத்தினாள்.

பஸ்ஸைப் பிடித்து வெள்ளவத்தைக்கு வந்தேன். மைதிலியின் ஃபிளாட்டில் அக்காவின் வீடு பூட்டியிருந்தது. மேலே ஏறினால், மூன்றாம் மாடியில் மைதிலி வீட்டு வாசலில் குசினி அக்கா நிற்கிறார். கையில் ஒரு ஃபிளாஸ்க்.

"காய்ச்சல் எண்டனீங்கள். கொத்தமல்லி அவிச்சுக்கொண்டு வந்து மூண்டு தரம் கதவைத் தட்டிப்போட்டன். ஆளில்லை."

பார்சலை நீட்டினேன். அக்கா படியில் உட்கார்ந்து பிரித்தார். குனிந்து மணந்தார். தொண்டை ஏறி இறங்கியது. ஆம், விழுங்கினார். நான் கண்ணால் கண்டேன்.

"ஆர் தந்தது?"

"கல்கிசையில ஒரு வெயிற்றர் ஐயா. தன்ர சாப்பாடு."

"உங்களுக்கோ தந்தவர்?"

"ஓம்."

"என்னை விட்டிட்டுப் போன இடத்திலயோ?"

"ஓம் அக்கா."

அக்காவின் குரலில் இருந்தது அசல் பொறாமை. இத்தனை மாதமாக நான் தவம் கிடந்தது அதற்குத்தான். பலாக்கொட்டையை நசுக்கிச் சோற்றோடு சேர்த்து, கோபத்தோடு சாப்பிடத் தொடங்கினார். ஒரு வாய் இந்தா என்று நீட்டவில்லை. நெத்தலி ஒன்றைக்கூடத் தரவில்லை. காலையிலிருந்து எனக்கு வெறும் வயிறு. கீழ்ப் படியில் உட்கார்ந்து, மைதிலியின் காய்ச்சலுக்கு அவித்த கொத்தமல்லித் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் குடித்தபடி, அவர் இலையை வழித்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு நாளில் அன்றைக்குத்தான் அக்கா சாப்பிடுவதைப் பார்க்க எனக்கு வயிறு நிறைந்தது.