கீல் என்று எழுதி அனுப்பிய பெட்டிகள்

என் பாசமுள்ள தம்பிக்கு,

உன் அண்ணன் எழுதிக்கொள்வது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். பதிலுக்கு எங்கள் உடம்பைப் பற்றி நீ விசாரிக்க வேண்டாம். அதைத்தான் பக்கம் பக்கமாகச் சொல்லப்போகிறேன். ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்பாய். ஃபோனில் நான் வாயைத் திறந்ததும், "அண்ணே, ஒரு நிமிஷம், ஆபீஸ்ல இருந்து கூப்பிடுறாங்க" என்று போய்விடுகிறாய். நீ திரும்பி வருவதற்குள் என் கோபம் ஆறிப்போய், நானே உன்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்டுத் தொலைக்கிறேன். காகிதத்தில் குறுக்கே பேச உனக்கு வழியில்லை. உட்கார்ந்து படி.

அப்பா குளியலறையில் விழுந்த செய்தியைக் கீழ்வீட்டுத் தையல்கார அம்மா சொன்னதும் நீ என்ன செய்தாய்? இருந்த இடத்தில் இருந்தபடியே முதியோர் இல்லத்தில் ஓர் அறையைப் பேசி முடித்தாய். முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, மாசக் கடைசி வரைக்கும்தான் ரூமை நமக்குன்னு வச்சிருப்பாங்க. நான் பேசினா அப்பா ஃபோனை வச்சிடுறார். நீங்க நேர்ல போய்ச் சொன்னாக் கேப்பார்" என்றாய். ஓடாத சரக்கை அடுத்தவன் தலையில் கட்டுகிற வேலையை நான் தொழிலாகவே செய்தவன், எனக்கே கட்டிவிட்டாய். கூடவே ஒரு நிபந்தனை: என் சிறுநீரகம் இரண்டும் ஷட்டரை இறக்கிவிட்ட விஷயம் அப்பாவுக்குத் தெரியவே கூடாது, எண்பத்து நாலு வயது நெஞ்சு தாங்காது. ஆக நான் செய்ய வேண்டியது இவ்வளவுதான். வயிற்றில் குழாயை மாட்டிக்கொண்டு, பழைய தண்ணீரை வெளியே விட்டுப் பையிலிருக்கும் புது மருந்துத் தண்ணீரை உள்ளே இறக்குகிற டயாலிசிஸ் வேலையைத் தினம் நாலு தடவை, கதவைச் சாத்தி, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு செய்துகொண்டே, பகல் முழுக்க பஸ்ஸில் குலுங்கிப் போய், உடம்பு கல்லுக்குண்டு மாதிரி இருப்பதாகக் காட்டிக்கொண்டு, "அப்பா, உங்களால இனிமே தனியா இருக்க முடியாது" என்று சொல்ல வேண்டும். இதைச் சொல்வதற்கு என்னைவிடத் தகுதியான ஆளை நீ எங்கே போய்த் தேடுவாய்!

ஒரு வாரம் தங்குவதற்கு வேண்டிய பைகளைப் பெட்டி பெட்டியாக பஸ்ஸில் ஏற்ற முடியாது. லாரி பார்சலில் முன்கூட்டியே அப்பா வீட்டுக்கு அனுப்பிவிடத் தீர்மானித்தேன். 'மருந்து' என்று எழுதினால் டாக்டர் சீட்டைக் கேட்பான். 'உடையும் பொருள்' என்று எழுதினால் உடைகிறதா என்று போட்டுப் பார்ப்பான். எனக்குத் தெரியாத பார்சல் ஆபீசா? காலம் பூராவும் நான் அனுப்புகிற சரக்கையே எழுதினேன்: 'கதவுக் கீல், இரும்பு.' புக்கிங் கிளார்க் பெட்டியைத் தூக்கிப் பார்த்தான். "என்ன முதலாளி, கீல் தளும்புது?" என்றான். "எண்ணெயில ஊறப்போட்ட கீல். துருப்பிடிக்காது" என்றேன். "புது அயிட்டமா?" "இம்போர்ட்டு." "எங்க வீட்டு வாசக்கதவுக்கு ஒரு ஜோடி எடுத்து வைங்க முதலாளி" என்று சொல்லி முத்திரையைக் குத்தினான். பொய் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. நம்பும்படி சொன்னேனே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமை அப்பா வீட்டு மாடிப்படி வரைக்கும்தான் வந்தது.

நடுப்பகல் பையை எங்கே மாற்றுவது என்பதற்கும் வழி வைத்திருந்தேன். பாதி வழியில் ஓர் ஊரில் நம்மிடம் சரக்கெடுக்கிற பெயின்ட் கடைக்காரன் இருக்கிறான். மார்க்கெட்டில் அவனுக்குப் பெயரே 'தள்ளுபடி'. அவனுடைய குடோனில் ஒரு மேசையைத் துடைத்து, ஜன்னலைச் சாத்தி, பையை ஏணியின் மேல்படியில் தொங்கவிட்டு உட்கார்ந்தேன். தண்ணீர் இறங்குகிற வரைக்கும் அசையக் கூடாது. வெளியே கதவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் இழுக்கும் சத்தம் கேட்டது.

"முதலாளி, உள்ள சௌகரியமா இருக்கா?"

"இருக்குப்பா. கதவை மட்டும் திறந்துடாத."

"திறக்கல. போன தடவை வந்த தாழ்ப்பாள்ல பாதி வளைஞ்சிருந்துச்சு."

"அதை அப்புறம் பேசலாம்."

"அப்புறம்னா நீங்க பஸ்ஸைப் பிடிச்சு ஓடிருவீங்க. இன்னிக்குத்தான் எந்திரிச்சுப் போக முடியாம உக்காந்திருக்கீங்க."

அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன், அதனால் கோபம் வரவில்லை. கேட்ட தள்ளுபடியைக் கொடுத்தேன். ஆனால் பஸ்ஸில் ஏற்றிவிடும்போது என் பையை அவனே தூக்கிக்கொண்டு வந்தான், என் முகத்தைப் பார்க்காமல், "உடம்பைப் பாத்துக்குங்க. தள்ளுபடி வேணாம், அந்தத் தாழ்ப்பாளை நானே எப்படியாவது வித்துக்கிறேன்" என்றான். தம்பி, வயிற்றில் துளை போட்ட அன்றைக்குக்கூட எனக்கு அப்படி வலிக்கவில்லை. 'தள்ளுபடி' தள்ளுபடி வேண்டாம் என்று சொல்கிற அளவுக்கு நான் ஆகிவிட்டேன் என்பதை ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர் வந்து சேரும்வரை ஜீரணித்துக்கொண்டு வந்தேன்.

அப்பா மாடிப்படியின் உச்சியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சட்டை ஆணியில் மாட்டினது போல உடம்பில் தொங்கியது. முழங்கையில் அடிபட்ட இடம் கறுத்துப்போயிருந்தது. வா என்று சொல்லவில்லை. பஸ் ஓட்டி ரிட்டயர்டான மனிதர், முதல் கேள்வியே, "டிரைவர் எந்த வழியா வந்தான்?"

"பைபாஸ்லப்பா."

"மடையன். பாலத்துல ஏத்தியிருந்தா இந்நேரம் நீ குளிச்சு முடிச்சிருப்ப. பிரேக்கை எப்படிப் போட்டான்?"

"தெரியலப்பா. தூங்கிட்டேன்."

"தூங்கினியா? அப்ப நல்லாத்தான் ஓட்டியிருக்கான்."

உள்ளே போனால் குளியலறைக்குக் கதவில்லை. கீல் கழன்ற கதவைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு போர்வை தொங்கியது. அன்றைக்கு அவர் கதவைப் பிடித்திருக்கிறார். கதவு கையோடு வந்திருக்கிறது, அப்படித்தான் விழுந்திருக்கிறார். ஊர்க்கதவுக்கெல்லாம் கீல் விற்கிறவனின் அப்பா. "உன் பெட்டியெல்லாம் வந்துச்சு. உள் ரூம்ல வச்சிருக்கேன்" என்றார். "திறந்தீங்களாப்பா?" என்றேன். "உன் சரக்கை நான் எதுக்குத் திறக்கணும்?" நான் ஒட்டியது காக்கி நிற டேப். மேல்பெட்டியில் ஒட்டியிருந்தது கரன்ட் வேலைக்கான கறுப்பு டேப். லாரிக்காரன் வேலையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது, நினைத்துக்கொண்டேன்.

"கொஞ்சம் கடைக் கணக்குப் பாக்கணும்ப்பா, கதவைச் சாத்திக்கிறேன்" என்று உள்ளே போனேன். "பாரு, பாரு" என்றார். உள்ளே தரையை ஃபினாயில் போட்டுத் துடைத்திருந்தது. ஜன்னல் இடுக்கிலெல்லாம் துணி செருகியிருந்தது. யாரும் தவறிப்போய்ப் போட்டுவிடாமல் இருக்க மின்விசிறியின் ரெக்கையைக் கயிற்றால் கட்டியிருந்தது. கட்டிலுக்கு மேலே சுவரில், பையைத் தொங்கவிடத் தோதான உயரத்தில், பெரிய ஆணி ஒன்று புதிதாக அடித்திருந்தது; உதிர்ந்த காரை இன்னும் தரை ஓரத்தில் கிடந்தது. படுக்கையில் ஒரு கம்பளிச் சுருட்டல். பிரித்துப் பார்த்தால் உள்ளே என் பை, வெயிலில் வைத்து எடுத்த சூட்டோடு. மருந்துத் தண்ணீரை இளஞ்சூட்டில்தான் ஏற்ற வேண்டும் என்பது ஆஸ்பத்திரி நர்ஸுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும் என்று இருந்தேன். நான் அழவில்லை, முகமூடி நனைந்தால் மாற்ற வேண்டும், கைவசம் அளவாகத்தான் வைத்திருந்தேன்.

வெளியே வந்தேன். மேசைமேல் அரை டம்ளர் தண்ணீர் வைத்திருந்தார். முழு டம்ளர் எனக்கு ஆகாது.

"கணக்கு சரியா வந்துச்சா?"

"வந்துச்சுப்பா."

"உள்ள போனதைவிட வெளிய வந்தது கூட இருக்கணுமாமே. இருந்துச்சா?"

"யாருப்பா சொன்னா?"

"மெடிக்கல் கடைக்காரன். கீல் வந்திருக்கே, குளியல் ரூம் கதவுக்கு ரெண்டு எடுத்துக்கலாம்னு பெட்டியைத் திறந்தேன். திறந்தாத் தண்ணிப்பை. ஒண்ணைத் தூக்கிட்டுப் போய்க் காட்டினேன். அவன்தான் எல்லாத்தையும் சொன்னான். 'யாருக்குப் பெரியவரே?'ன்னான். 'தெரிஞ்சவருக்கு'ன்னேன்." விழுந்த வலி தீராத இடுப்போடு, கனமான பையையும் தூக்கிக்கொண்டு, அந்த மாடிப்படியை ஒற்றை ஆளாக இறங்கி ஏறியிருக்கிறார். "எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷம் ஆகுதுப்பா."

"சின்னவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப இந்த வீட்டுல நான் ஒருத்தன்தான் வெளியாள்" என்றார்.

இந்த இடத்தில் நீ இருந்திருந்தால் ஆபீஸ் ஃபோன் வந்திருக்கும். எனக்கு வரவில்லை. பேச்சை மாற்ற வேண்டுமே என்று, நான் வந்த காரியத்தை அந்த நேரம் பார்த்து எடுத்து வைத்தேன். மட்டமான வியாபாரிகூட அப்படி ஒரு நேரத்தில் மூட்டையை அவிழ்க்க மாட்டான். "அப்பா, உங்களால இனிமே தனியா இருக்க முடியாது."

"உன்னால முடியுதா?"

"எனக்குக் கடை இருக்குப்பா."

"கடை பை மாத்துமா? உன் பையன் அடுத்த தெருவுல, நீ கடைக்கு மேல தனியா. உன் பொண்டாட்டி போய்ச் சேந்ததுக்கப்புறம் உன் வீட்டுல விளக்குப் போடக்கூட ஆள் கிடையாது. எனக்குத் தெரியாதா?"

"நான் சமாளிச்சுக்குவேன்ப்பா."

"அதைத்தான் நானும் சொல்றேன்." ரோட்டைப் பார்ப்பது போலச் சுவரைப் பார்த்துக்கொண்டு, "இங்க பாரு. முன்னால போற வண்டி நான். நீ பின்னால வா. ரோடு காலியாக் கிடக்குன்னு ஓவர்டேக் பண்ணிடாத" என்றார்.

"நான் எங்கப்பா பண்றேன்? வண்டியே அப்படி இழுத்துட்டுப் போகுது."

"பிரேக்கைப் போடு. என்ன டிரைவர் நீ!" என்று திட்டிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடப்பதை எழுதினால் சிரிப்பாய், நானும் சிரிக்க முயற்சிதான் செய்கிறேன். என் வயிற்றிலிருந்து வந்த தண்ணீர்ப் பையை அவர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, எஞ்சின் ஆயில் பார்க்கிற மாதிரி பார்க்கிறார். "தெளிவா இருக்கு. கலங்கினா உடனே சொல்லணும்" என்று எனக்கே பாடம். பையை அவர்தான் ஆணியில் மாட்ட வேண்டுமாம். அவர் மாட்டி முடிப்பதற்குள் எனக்கு அடுத்த வேளையே வந்துவிடும் போலிருக்கிறது. தையல்கார அம்மாவிடம், "பெரியவனுக்கு உடம்பு சரியில்ல, பாத்துக்க என்னை விட்டா ஆளில்ல" என்று சொல்லியிருக்கிறார். சொல்லும்போது குரலில் தெம்பு இருந்ததாம். நேற்று மத்தியானம் பேசிக்கொண்டிருந்தவர் நாற்காலியிலேயே வாய் திறந்தபடி தூங்கிப்போனார். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று நான் குனிந்து பார்த்தேன். கண்ணைத் திறக்காமலே, "இருக்கேன், இருக்கேன். நீ போய்ப் படு" என்றார். போய்ப் படுத்தேன். கண் விழித்தால் அவர் முகம் என் மூக்குக்கு நேரே. "என்னப்பா?" என்றால், "ஒண்ணுமில்ல, மணி எத்தனைன்னு பாத்தேன்" என்கிறார். என் மூக்கிலா மணி தெரிகிறது? காலி குடோனுக்கு இரண்டு வாட்ச்மேன் போட்ட கதையாக ஆளுக்கு ஆள் காவல் இருக்கிறோம். எந்த வாட்ச்மேன் முதலில் தூங்கப்போகிறான் என்பதுதான் தெரியவில்லை.

எனவே, தம்பி, முடிவாக எழுதுகிறேன். இல்லத்தைப் பற்றி நான் காலையிலும் கேட்டுவிட்டேன், மாலையிலும் கேட்டுவிட்டேன். வர மாட்டேன் என்றால் வர மாட்டேன்தான். என் வீட்டுக்கும் வர மாட்டார், உன் லிஃப்ட் வைத்த வீட்டுக்கும் வர மாட்டார். அந்த அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல். குளியலறைக் கதவை நான் என் கையால் மாட்டிவிட்டேன். இந்தப் பயணத்தில் உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான். வியாழக்கிழமை பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன். இந்த மாதிரி வேலைக்கு இனிமேல் என்னை அனுப்பாதே. நீயே வந்து, நீயே பேசி, நீயே திட்டு வாங்கிக்கொள்.

உன் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளர்ந்து, உனக்கு வயதாகும்போது உன்னை யார் பார்ப்பது என்று ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொள்ளாத நல்ல பிள்ளைகளாக இருக்க வேண்டும். உன் மனைவிக்கு என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அப்பா கடிதத்தை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு வரி விடாமல் படித்தார். "நல்லாத்தான் எழுதியிருக்க. முடிவுன்னு எழுதின பத்தி தப்பு, அடிச்சிடு" என்றார். ஆகவே அந்தப் பத்தியை அடித்ததாக வைத்துக்கொள். இல்லத்தை விட்டுவிடாதே, இது அப்பாவின் உத்தரவு. இல்லத்துக்காரரிடம் நீ இன்றைக்கே பேசி, அந்த அறை வேண்டாம், இரண்டு கட்டில் போட்ட அறையாக வேண்டும், ஜன்னல் இறுக்கிச் சாத்த வர வேண்டும் என்று சொல். அதிகாரிகளிடம் பேச உனக்குத்தான் வரும். "ரெண்டாவது கட்டில் யாருக்குப்பா?" என்று நான் கேட்டேன். அப்பா கட்டிலுக்கடியில் இருந்த டிரங்குப் பெட்டியை இழுத்து வைத்து, தன்னுடைய வேட்டிகளை மடித்து அடியில் அடுக்கினார். இப்போது அதற்கு மேலே என் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்துக்கொண்டிருக்கிறார். நான் அவற்றைத் திரும்ப எடுக்கவில்லை.