மைலேஜ் மாமாவின் காருக்கு மூச்சு முட்டிய கதை

பிள்ளைகளா, காருக்கு மூச்சு முட்டுகிறதே என்று கண் கலங்கிய மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் அறந்தாங்கியில், எங்கள் தெருவிலேயே இருக்கிறார். வாடகைக்கு டீசல் கார் ஓட்டுகிறார். பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை. 'மைலேஜ் மாமா' என்றால்தான் அவரே திரும்பிப் பார்ப்பார்.

டீசல் காரில் ஈ.ஜி.ஆர். என்று ஒரு வால்வு உண்டு. எஞ்சின் விடும் புகையில் கொஞ்சத்தை அதற்கே திருப்பி அனுப்பும். வெளியே போகும் நச்சைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடு. இதை யாரோ சொல்லக் கேட்ட அன்று மாமா சோறே தின்னவில்லை.

"விட்ட மூச்சையே திருப்பி இழுக்கச் சொன்னா நீங்க உசிரோட இருப்பீங்களா? வாயில்லாச் சீவனுங்க அது!"

மறுநாளே அந்த வழியில் ஒரு தகரத்தை வைத்து அடைத்துவிட்டார். அப்புறம்தான் நாங்கள் வாயைப் பிளந்தோம். நாலு தடவை திருச்சி போய்வந்த டீசலில் அஞ்சு தடவை போய்வந்தார்! டாஷ்போர்டில் மட்டும் ஒரு மஞ்சள் விளக்கு அணையாமல் எரிந்தது. அத்தையின் ஸ்டிக்கர் பொட்டில் பெரியதாக ஒன்றை எடுத்து அதன்மேல் ஒட்டிவிட்டார்.

என் மச்சானுக்குக் குவைத்தில் மெக்கானிக் வேலை கிடைத்தது. விமானத்தை விட்டால் வேலை போச்சு. திருச்சி ஏர்போர்ட்டுக்கு மாமாவின் கார்தான். வழியில் ஒரு டிராக்டர் எங்களை முந்திப் போனது.

"மாமா, கொஞ்சம் அமுக்குங்க. டிராக்டர்காரன் டாட்டா காட்டிட்டுப் போறான்!"

"அமுக்குனா மைலேஜ் கோவிச்சுக்கும் தம்பி. ஏசியும் கேக்காதீங்க. ஜன்னலைத் தெறந்துக்கங்க."

கீரனூர் தாண்டியதும் கார் முக்கியது, முனகியது. பின்னால் வந்த பஸ்ஸே மறைகிற அளவுக்குக் கரும்புகை. மச்சானுக்கு முகம் வெளுத்துவிட்டது. இறங்கி, கையில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு, ஸ்பேனரால் தகரத்தைக் கழற்றினான். நடுவில் பெரிய ஓட்டை! உடைந்த துண்டு ஒன்று வால்வை மூடவிடாமல் சிக்கிக் கிடந்தது. தகரத்தின் ஓரத்தில் கருகியும் கருகாமலும் ஒரு கிளிப்படத்தின் வால்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மாமா! இது எம்மக ஜாமெட்ரி பாக்ஸ் மூடி! காணோம்னு வீட்டையே பொரட்டுனோமே!"

"சீட்டுக்கு அடியில கெடந்துச்சுங்க. யாரோ வேணாம்னு போட்டதுன்னு நெனைச்சேன்."

"அது கெடக்கட்டும்," என்று மச்சான் கத்தினான். "ஓட்டை முச்சூடும் கரி அப்பியிருக்கு. இது பொத்துப்போயி ரொம்ப நாளாச்சு. வழி அடைபடவே இல்லை! டிராக்டருக்கு வழிவிட்டு, ஏசி போடாம ஓட்டுனா எந்த வண்டியும்தான் மைலேஜ் குடுக்கும்!"

மாமா பானட்டை மெதுவாகத் தடவினார்.

"அப்ப இத்தனை நாளும் இது மூச்சு முட்டிக்கிட்டேதான் ஓடுச்சா?"

நாங்கள் சிரிப்பதா அழுவதா என்று விழித்தோம். மச்சான் சிக்கிய தகரத்துண்டை எடுத்துப்போட்டு வால்வைத் திரும்ப மாட்டியதும், மாமா ஏறி உட்கார்ந்தார்.

"மைலேஜ் போனாப் போகுது. கெட்டியாப் பிடிச்சுக்கங்க!"

அந்த டிராக்டரை நாங்கள் தாண்டியபோது டாட்டா காட்டக்கூட நேரமில்லை. விமானம் கிடைத்துவிட்டது.

மறுநாள் காலையில் மாமா கிளிப்படம் போட்ட புது ஜாமெட்ரி பாக்ஸோடு வாசலில் நின்றார்.

மச்சான் லீவுக்கு வரும்போதெல்லாம் நான் வேறு கார் பேசுவதே இல்லை. மாமாவைத்தான் கூப்பிடுவேன். என்ன, ரெண்டு மணி நேரம் முன்னாடியே கிளம்பிவிடுவோம்.